பாதித் திரை

டிசம்பர் தொடக்கத்தில் போன சூரியன்
இவலோவுக்கு இன்னும் திரும்பவில்லை.
நண்பகலில் கொஞ்ச நேரம் நீலம்.
அதைத்தான் பகல் என்கிறோம்.
ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்
நாள்காட்டியில் ஒரு வெள்ளிக்கிழமையைச்
சிவப்பில் வட்டமிட்டிருந்தார்கள்:
அன்று தெற்கு ஜன்னலில்
பைன் மரங்களுக்கு மேலே
நகக்கண் அளவுக்கு அது எட்டிப் பார்க்கும்.

விடுமுறையில், பனிக்கட்டி அரங்கில்
சைமி விழுந்தாள்.
யாரும் இடிக்கவில்லை.
பின்னோக்கிச் சறுக்கும்போது காலே காலைத் தட்டியது.
தலைக்கவசத்தில் ஒரு கீறல்கூட இல்லை.
"ஒன்றுமில்லை" என்று எழுந்தவள்
நேராகப் போய்
எதிரணி வலையைக் காக்க நின்றாளாம்.

மருத்துவர் தாள் கொடுத்திருந்தார்.
அரை நாள் பள்ளி, கணினி வேண்டாம், தேர்வு வேண்டாம்,
வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும்.
நான் கணக்கு டீச்சர். தாளைப் படித்தேன்,
கோப்பில் வைத்தேன்,
நம்பவில்லை.
கட்டில்லை, தையலில்லை, கன்னம் இரண்டும் சிவப்பு,
வியாழக்கிழமை பின்னத் தேர்வு வேறு.
எனக்கா தெரியாது பிள்ளைகளை?

மூன்றாவது நாள்
ஒரே வரியை விரலால் தடவித் தடவி
நான்கு முறை படித்தாள்.
பிறகு நெற்றியை மேசைமேல் வைத்தாள்.
"தூங்குகிறாயா?" என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.
"இல்லை துயிரே, மரம் குளிர்ச்சியாக இருக்கிறது."
நிமிராமலே சொன்னாள்:
"அந்த விளக்கு முனகுகிறது."

இருபத்திரண்டு வருடமாக இந்த அறையில் இருக்கிறேன்.
எந்த விளக்கும் முனகியதில்லை.
அன்று மாலை எல்லோரும் போன பின்
நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.
முனகிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை.
அந்த விளக்கை அணைத்தேன்.
அவள் கணக்குகளை மங்கிய மஞ்சள் தாளில்,
பக்கத்துக்கு மூன்று என்று பெரிதாக எழுதினேன்.
மணி அடிப்பதற்கு நான்கு நிமிடம் முன்பே
அவளை அனுப்பினேன்,
நடைபாதைக் கூச்சலுக்கு முன் அவள் வீட்டு வண்டி ஏற.
பையைத் தூக்க அஸ்லாக் கிளம்பினான்.
வாயில் ஒலிபெருக்கியோடு பிறந்தவன் அவன்.
ரகசியம் பேசக் கற்றுக்கொண்டான்,
அந்த ரகசியம் மூன்று அறைக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது.
ஜன்னலுக்கு இழுத்த திரை.
"ஒருத்திக்காக நாங்கள் பதினேழு பேரும் இருட்டிலா?"
கேட்டது எல்லெ. கெட்டவள் இல்லை.
அவளும் ஆறு வாரமாகக் காத்திருந்தாள்.
என்னிடம் பதில் இல்லை.
பின்னத்தில் கூட வரவில்லை.

சைமி எழுந்தாள். நாற்காலியைத்
தூக்க முடியாமல் தரையில் இழுத்து,
அந்தச் சத்தத்துக்கு அவளே முகம் சுளித்து,
ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.
கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இறக்கினாள்.
"பாதி திறங்கள்" என்றாள்.

திறந்தோம்.
எல்லோரும் வெளியே பார்த்தார்கள்.
அவள் அவர்களைப் பார்த்தாள்.
"அஸ்லாக், உன் காது ஆரஞ்சாக இருக்கிறது."
அவன் காதைப் பிடித்துப் பார்த்தான்,
கையால் நிறம் தெரியுமா என்ன.
சிரித்தார்கள். சிரிப்பு உயர்ந்தபோது
எல்லெதான் முதலில் வாயைப் பொத்தினாள்.

பதினோரு நிமிடம் தாங்கினாள்.
பிறகு செவிலியர் அறை, கட்டில்.
திங்களும் செவ்வாயும் வரவில்லை.
திரையைத் திறந்தது நான்தான்.
வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே
பேனாவை வைத்தபடி
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச்சில் பின்னத் தேர்வு எழுதினாள்.
பத்துக் கேள்வியில் ஐந்துதான் கொடுத்தேன்.
நான்கு சரி.
ஐந்தாவதில் கீழ் எண்ணை மேலே எழுதியிருந்தாள்.
அடிபட்டதாலா என்று பயந்து
பழைய நோட்டைத் தேடி எடுத்தேன்.
அக்டோபரிலும் அதே தப்பு.

அப்படியொரு நிம்மதி.
சிவப்பில் சுழித்து, மதிப்பெண்ணைக் குறைத்தேன்.